கை வைக்காமல் நின்ற குளிர்காலம்

பதினான்கு பிள்ளைகளுக்குக் கால் முதல் கழுத்துவரை மூடும் ஸ்னோசூட் மாட்டி, பூட்ஸ், தொப்பி, கையுறை எல்லாம் போட்டு வாசலில் வரிசையாக நிறுத்த, எனக்கும் என்னோடு வேலை செய்யும் பெண்ணுக்கும் ஆகும் நேரம் ஒன்பதரை நிமிடம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஆறு வருடமாகப் பெருமைக்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எங்கள் சிறுவர் பராமரிப்பு நிலையம் இருக்கிறது. அதில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளின் அறை எங்களுடையது. அதற்கு முன் பதினேழு வருடம் ஒரு தொழிற்சாலையில் பொதி கட்டும் வரிசையில் நின்றேன். தொழிற்சாலை மூடப்பட்டபோது எனக்கு ஐம்பத்தொரு வயது. இந்த வேலைக்குக் கல்லூரியில் சேர்ந்தேன். ஒரு கலியாண வீட்டில் பழைய நண்பர் ஒருவர் நாலு பேருக்குக் கேட்கத்தக்கதாகக் கேட்டார்:

“என்ன அண்ணை, ஆயா வேலைக்குப் படிக்கிறியளாம்?”

“ஓம். உங்களுக்கும் வயசு போகேக்க ஆள் தேவைப்படுந்தானே” என்றேன்.

திகதி, கிழமை, நேரம், வெப்பநிலை இவற்றை எழுதி வைப்பது என் பழக்கம். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சிறு கொப்பி இருக்கும். எந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு நித்திரை கொண்டது, முதல் பனி எந்தக் கிழமையில் விழுந்தது, யார் எப்போது முதன்முதலாகத் தன் பெயரை எழுதியது எல்லாம் அதில் ஏறும். ஸ்னோசூட் நேரமும் அப்படித்தான் சேர்ந்தது. முதலாவது குளிர்காலத்தில் பத்தொன்பது நிமிடம். ஆறாவதில் ஒன்பதரை. பொதி கட்டும் வரிசையில் பழகிய கை.

ஏழாவது குளிர்காலத்துக்குச் சற்று முன், எங்கள் நிலையப் பொறுப்பாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவர் சென்னையிலிருந்து வந்தவர். எங்கள் எல்லோரையும்விட இளையவர். என்னைச் சார் என்றுதான் கூப்பிடுவார்.

“சனிக்கிழமைகள்ல கிளாஸ் சார். ஒஜிப்வே பண்பாட்டோட பிள்ளைங்களை வளர்க்கிறது பத்தி. நம்மகிட்ட வர்ற பிள்ளைங்கள்ல அவங்க வீட்டுப் பிள்ளைங்களும் இருக்காங்க. சுவர்ல ஒரு படம் ஒட்டி வெச்சா போதுமா? நீங்க ரெண்டு பேரும் போறீங்க.”

நான் போவதற்கு முன்பே அஜின்கோர்ட் நூலகத்தில் ஐந்து புத்தகங்கள் எடுத்துப் படித்து முடித்துவிட்டேன். கனடாவின் பூர்வகுடிகளான அனிஷினாபே என்ற பெரிய மக்கள் கூட்டத்தில் ஒஜிப்வேக்கள் ஒரு பகுதி, பேரேரிகளைச் சுற்றி வாழ்பவர்கள், பிர்ச் மரப்பட்டையில் படகு கட்டியவர்கள் என்றெல்லாம் ஒரு முழுப் பக்கம் குறித்துக்கொண்டேன். ஒக்டோபரின் இரண்டாவது சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு சமூக நிலையத்தின் பின்னறைக்குள் அந்தக் கொப்பியோடு நுழைந்தேன். வெளியே எட்டுப் பாகைக் குளிர். உள்ளே பன்னிரண்டு கதிரைகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. மேசை இல்லை. எங்கே வைத்து எழுதுவது என்பதுதான் என் முதல் கவலை.

பயிற்சி தந்தவர் ஒஜிப்வேப் பெண். ஹூரன் ஏரிக்கரையில், பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரு ரிசேர்வில் வளர்ந்தவர். ரொறன்ரோவில் எங்களைப் போலவே சிறுவர் நிலையங்களில் வேலை செய்துவிட்டு இப்போது ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். என்னைவிட இருபது வயதாவது குறைவு இருக்கும். முதலில் தன் மொழியில் தன் பெயரையும் குலத்தையும் ஊரையும் சொன்னார். பிறகு அதையே ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு உள்ளங்கை அளவான ஒரு கல்லை வட்டத்தில் அனுப்பினார். கல் யார் கையில் இருக்கிறதோ அவர் பேசலாம், மற்றவர்கள் குறுக்கிடக் கூடாது. பிள்ளைகளோடு செய்யும் வேலையில் நீங்கள் மிகத் திறமாகச் செய்வது எது என்பதுதான் கேள்வி.

ஒருவர் பாட்டு என்றார். ஒருவர் அழும் பிள்ளையைத் தேற்றுவது என்றார். என்னிடம் கல் வந்தபோது நான் ஒன்பதரை நிமிடக் கதையைச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். இந்த நாட்டில் சிறுவர் நிலையத்தில் வேலை செய்த எவருக்கும் அந்த எண்ணின் பெறுமதி தெரியும். பயிற்சியாளர் மட்டும் கைதட்டவில்லை. கல் சுற்றி முடிந்து அவரிடம் திரும்பியதும் என்னைப் பார்த்துக் கேட்டார்:

“அந்த ஒன்பதரை நிமிடமும் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?”

நான் கொப்பியைப் புரட்டினேன். பழைய கொப்பிகளில் உள்ளதையும் மனதுக்குள் புரட்டினேன். ஆறு குளிர்காலக் கணக்கில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

“நின்றார்கள்” என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டு அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்.

மத்தியானம் ஒரு மான்தோல் துண்டை எடுத்து, ஓரத்தில் துளைகள் போட்டு, தோல் வார் கோத்து, ஒரு சிறு சுருக்குப்பை செய்தார். ஒரு சொல் பேசவில்லை. பிறகு எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டைத் தந்தார். எத்தனை துளை, எவ்வளவு இடைவெளி என்று நான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுத் தன்னுடையதை அவிழ்த்து முதலிலிருந்து மறுபடியும் செய்து காட்டினார், முன்னதைவிட மெதுவாக. மறுபடியும் கேட்டேன். மறுபடியும் செய்தார். மூன்று மணியளவில் என் கையில் இருந்தது பை மாதிரி இல்லை, வாடிப்போன வெற்றிலை மாதிரி இருந்தது. என்னோடு வேலை செய்யும் பெண் பக்கத்துக் கதிரையில் தன்னுடையதை முடித்துவிட்டு எவ்வளவு நேரந்தான் பார்த்துக்கொண்டிருப்பார்?

“இஞ்ச தாங்கோ அண்ணை. ரெண்டு நிமிசத்தில கட்டித்தாறன்” என்று பறித்துக் கோத்து இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டார்.

எனக்கு வந்த கோபம் எனக்கே புதிது. “ஆர் உம்மைக் கேட்டது? தாரும் அதை!” என்று திருப்பிப் பறித்து முடிச்சை அவிழ்த்தேன்.

“என்ன நீங்கள், சின்னப்பிள்ளை மாதிரிக் கத்துறியள்?”

தமிழ் விளங்காமலேயே வட்டம் முழுவதும் சிரித்தது. பயிற்சியாளர் என்ன நடந்தது என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். “இன்றைக்கு நீங்கள் வேறு எதையும் எழுதாவிட்டாலும் அந்தக் கோபத்தை எழுதி வையுங்கள்” என்றார். எழுதினேன். சனிக்கிழமை, மூன்று மணி பன்னிரண்டு நிமிடம்.

அவர் விளக்கம் என்று சொன்னது மிகக் குறைவு. பிள்ளை தன் சொந்த மனதோடும் தனக்கென்று ஒரு கொடையோடும் வந்து சேர்கிறது. பெரியவர் செய்து காட்டுவார், பிறகு பொறுத்திருப்பார். பிள்ளை முயன்றுகொண்டிருக்கும்போது கையை உள்ளே விடுவது மரியாதைக் குறைவு. இதைக் கேட்டபோது எனக்கு உண்மையாகவே திகைப்பாக இருந்தது. மரியாதை என்பது சிறியவர் பெரியவருக்குக் கொடுப்பது என்றே எண்ணி வளர்ந்தவன் நான். மூன்று வயதுக்கு மரியாதை கொடுப்பது எப்படியென்று எனக்கு எவரும் காட்டியதில்லை.

பாடநெறிக்குப் பரீட்சை இல்லை. முதல் பனியிலிருந்து உங்கள் அறையில் தினமும் நடக்கும் ஒரு காரியத்தைத் தெரிவு செய்துகொள்ளுங்கள், அதில் கை வைக்காதீர்கள், ஒரு நாள் காலை நான் வந்து இருந்து பார்ப்பேன் என்றார். எங்களுக்கு எதைத் தெரிவு செய்வது என்பதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

நவம்பர் மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை தொடங்கினோம். மைனஸ் மூன்று. வழக்கம்போல ஒன்பது ஐம்பதுக்கு, நான் என் கோட்டை எடுத்து மெதுவாகப் போட்டுக் காட்டினேன். பிறகு கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். என்னோடு வேலை செய்யும் பெண்ணும் அப்படியே நின்றார். பதினான்கு பிள்ளைகளும் எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் அவர்களைப் பார்த்தோம். ஒரு நிமிடம் முழுவதும் எவரும் அசையவில்லை.

அன்று ஐம்பத்திரண்டு நிமிடம் எடுத்தது. இருவர் பூட்ஸை மாறிப் போட்டார்கள். ஒருவன் ஸ்னோசூட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு, தன் முகத்தை யாரோ மூடிவிட்டார்கள் என்று அழுதான். முதலில் முடித்தவர்கள் வியர்த்துச் சிணுங்கினார்கள். மறுநாளிலிருந்து எட்டுப் பேர் ஆயத்தமானதும் அவர்களோடு அந்தப் பெண் முற்றத்துக்குப் போய்விடுவார், மிச்சம் ஆறு பேரோடு நான் உள்ளே நிற்பேன் என்று ஒழுங்கு செய்துகொண்டோம். செவ்வாய் நாற்பத்தேழு. புதன் நாற்பத்தொன்பது. வியாழன் நாற்பத்திரண்டு.

எண்ணிக்கை இறங்கத்தான் செய்தது. ஆனால் ஒருத்தி மட்டும் ஒவ்வொரு நாளும் கடைசி. அறையில் ஆகச் சின்னவள். மூன்று வயதும் மூன்று மாதமும். பல வருடம் காத்திருந்து பெற்ற ஒரே மகள். ஸ்னோசூட்டை நிலத்தில் விரித்து, அதன்மேல் மல்லாக்கப் படுத்து, இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு கிடப்பாள். யாராவது வருவார்கள் என்ற முழு நம்பிக்கையோடு கிடப்பாள். அழவும் மாட்டாள். எனக்கு அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. ஒவ்வொரு நாளும் கடைசியில் நானே குனிந்து மாட்டிவிட்டு, அதைக் கொப்பியில் ஒரு சிறு புள்ளியாகக் குறித்தேன். முதல் கிழமையில் ஐந்து புள்ளிகள்.

இரண்டாவது கிழமை புதன்கிழமை, மறந்துபோன போர்வையைக் கொடுக்கத் திரும்பி வந்த அவள் தாய் கதவுக் கண்ணாடியால் இதைப் பார்த்துவிட்டார். பின்னேரம் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவர் என் முன்னால் நின்றார்.

“அங்கிள், உங்களுக்குக் கை ஏதும் நோகுதோ?”

“இல்லைப் பிள்ளை.”

“பின்ன ஏன் என்ர பிள்ளை அரை மணித்தியாலமா நிலத்தில கிடக்குது? நான் கண்ணாடிக்கால பாத்துக்கொண்டுதான் நிண்டனான். நீங்கள் கொப்பியில எழுதிக்கொண்டு நிக்கிறியள்.”

“தானாப் போடப் பழகட்டும் எண்டு…”

“மூண்டு வயசு அங்கிள்! வீட்டில நாங்கள் நாலு பேர் நிண்டு உடுப்பாட்டுறம்.”

“நாலு பேர் எண்டபடியாத்தான் பிள்ளை படுத்துக் கிடக்குது” என்றார் என்னோடு வேலை செய்யும் பெண், கேட்காமலே.

அவ்வளவுதான். தாய் நேராகப் பொறுப்பாளரின் அறைக்குப் போனார். ஜனவரியில் வேறு டேகெயாருக்கு மாற்றப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தார்.

பொறுப்பாளர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“எனக்குப் புரியுது சார். ஆனா பிள்ளைங்க வெளிய இருக்கற நேரம் கொறஞ்சுக்கிட்டே போகுது, அதுக்கு ரூல் இருக்கு. அந்தம்மா வேற பொண்ணக் கூட்டிட்டுப் போறேங்கறாங்க. கிறிஸ்துமஸ் லீவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கங்கன்னு கேட்டிருக்கேன். நாளையிலேர்ந்து ஒன்பதரைக்கு ஆரம்பிங்க. அந்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பதினாலு பேரும் வெளிய நிக்கணும், நீங்க யாரும் கை வைக்காம. இல்லன்னா பழையபடி நீங்களே மாட்டி விட்டுடுங்க. சரியா?”

சரி என்றேன். பன்னிரண்டு வேலைநாட்கள் இருந்தன, அந்த வெள்ளியையும் சேர்த்து. எங்கள் அறைக்கு வருவதாகப் பயிற்சியாளர் குறித்துத் தந்திருந்த நாளும் அதே வெள்ளிதான்.

அறிவுள்ள ஒருவரிடம் பாரமான கேள்வி கேட்கப் போகும்போது புகையிலை கொடுத்துக் கேட்பது ஒஜிப்வேக்களின் வழக்கம் என்று பயிற்சியாளர் இரண்டாவது வகுப்பில் சொல்லியிருந்தார். நான் வாழ்நாளில் ஒரு சிகரெட் பற்றவைத்தவன் இல்லை. தாய் வந்து கேட்ட அதே கிழமை, வெள்ளி பின்னேரம் எங்கள் பிளாசாவில் உள்ள தமிழ்க் கடைக்குப் போய், ஒரு பக்கெட் புகையிலைத்தூள் தாருங்கோ என்றேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எப்ப அண்ணை தொடங்கினனீங்கள்?”

“எனக்கில்லை. ஒராளுக்குக் குடுக்க.”

“ஓமோம், எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை. பயப்பிடாதேங்கோ, அக்காவுக்குச் சொல்லமாட்டன்.”

நான் வீட்டுக்குப் போய்ச் சேருமுன் அந்த அக்காவுக்கு, என் மனைவிக்கு, தெரிந்திருந்தது.

மறுநாள் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும், ஒரு சிவப்புத் துணியில் முடிந்த அந்தப் புகையிலையைப் பயிற்சியாளரிடம் நீட்டினேன். “மீக்வெச்” என்று தன் மொழியில் நன்றி சொல்லி இதயத்துக்குப் பக்கமான கை என்று இடது கையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். எவ்வளவு நேரம் பொறுத்திருக்க வேண்டும், அதற்கு ஒரு கணக்கு இருக்கிறதா என்று கேட்டேன். நிலத்தில் கிடக்கும் பிள்ளையைப் பற்றியும் தாயைப் பற்றியும் வெள்ளிக்கிழமையைப் பற்றியும் சொன்னேன்.

 அவர் தன் தாயைப் பற்றிச் சொன்னார். சிறு பிள்ளையாக இருந்தபோது தாயை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டுபோய், பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென்று நடத்தப்பட்ட தங்குபள்ளி ஒன்றில் விட்டிருக்கிறார்கள். அங்கே மணி அடிக்கும். எழும்ப ஒரு மணி, உடுக்க ஒரு மணி, வரிசையில் நிற்க ஒரு மணி. தாமதமானால் அடி.

“அம்மா என்னை ஒருநாளும் உடுத்திவிட்டதில்லை” என்றார். “நான் உடுத்து முடியும்வரை கதவடியில் இருப்பார். பள்ளிப் பேருந்து போய்விட்டால் போய்விட்டதுதான். எங்கள் ஆட்களின் பழைய வழி அது. அவர் அதை வேண்டுமென்றே திரும்ப எடுத்துக்கொண்டார்.”

பிறகு கேட்டார்: “படுத்திருக்கும்போது அந்தப் பிள்ளை எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்?”

எனக்குத் தெரியவில்லை. அந்த நேரமெல்லாம் நான் மணிக்கூட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை மணிக்கூட்டைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு, அவளுக்கு எதிரே நிலத்தில் இருந்தேன். இந்த வயதில் நிலத்தில் இருப்பதும் எழும்புவதும் தனிக் கதை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது தன் கைகளை. மேலே தூக்கிய இரண்டு கைகளையும். ஸ்னோசூட் கைக்குள் கைகளை விட்டிருந்தாள், ஆனால் விரல்கள் வெளியே வரவில்லை. கைத்துணி விரல் நுனிக்கும் அப்பால் ஒரு சாண் நீண்டு தொங்கியது.

அப்போதுதான் விளங்கியது. இரண்டு அளவு பெரிய ஸ்னோசூட். அடுத்த குளிருக்கும் உதவட்டும் என்று வாங்கியது. எங்கள் ஆட்களில் யார்தான் பிள்ளைக்கு அளவான கோட்டு வாங்குவோம்? என் மகனுக்கும் நான் அப்படித்தான் வாங்கினேன். பிள்ளை சோம்பேறியும் இல்லை, செல்லத்தில் கெட்டதும் இல்லை. விரல் வெளியே வராமல், முன்னால் இழுத்துப் பூட்டும் சிப்பை எப்படிப் பிடிப்பது? நவம்பர் தொடக்கத்தில் குளிர் வந்ததிலிருந்து ஒவ்வொரு காலையும் அந்தக் கைத்துணியை மடித்துவிட்டவன் நான்தான். என் விரல்களுக்கு அது தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

மடித்துவிட்டால் அரைக் கணத்தில் முடியும். கையை அடக்கிக்கொண்டேன். என் கோட்டின் கைக்குள் என் கையை இழுத்து மறைத்து, துணியைப் பல்லால் கடித்துப் பின்னுக்கு இழுத்தேன். விரல்கள் வந்தன. அவள் சிரித்தாள். நான் மறுபடியும் செய்தேன். பிறகு பேசாமல் இருந்தேன். அன்றைக்கு அவள் அதைச் செய்யவில்லை. அன்றும் ஒரு புள்ளி.

அந்த நாட்களின் குறிப்பில் நிமிடம் இல்லை. இப்படி இருக்கிறது:

செவ்வாய். மைனஸ் ஆறு. இரண்டு காலும் ஒரே குழாய்க்குள். எழும்பி நின்று விழுந்தாள். அழவில்லை.

புதன். துணியைக் கடித்தாள். இடது கை விரல் நாலும் வெளியே. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழன். கையை விடுமுன் சிப்பை வயிறுவரை இழுத்துவிட்டாள். இதை யாரும் காட்டவில்லை. புள்ளி இல்லை.

வியாழக்கிழமைக் குறிப்பை மூன்று தரம் வாசித்தேன். கை மறைவதற்கு முன் பாதிச் சிப்பை முடித்துவிட்டால் மிச்சம் பாதிதான் என்று அவள் கண்டுபிடித்திருக்கிறாள். அதுவரை எனக்கே அது தோன்றியிருக்கவில்லை. மறுநாள் இன்னொரு சிறுமி இவள் கழுத்தடிவரை சிப்பை இழுத்துவிட்டாள், இவள் அவளுடைய தொப்பியை இழுத்துவிட்டாள். அடுத்த கிழமை அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. பொறுப்பாளர் தன் கைத்தொலைபேசியில் பார்த்துச் சொன்ன நேரங்கள்: முப்பத்தைந்து, முப்பத்திரண்டு, இருபத்தொன்பது. கடைசிக் கிழமை வியாழன் இருபத்தாறு.

“நாளைக்கு அடிச்சம் அண்ணை” என்றார் என்னோடு வேலை செய்யும் பெண்.

வெள்ளி காலை மைனஸ் பதினொன்று. பயிற்சியாளர் எட்டே முக்காலுக்கு வந்து, மூலையில் ஒரு குட்டிக் கதிரையில் இருந்தார். பொறுப்பாளர் வாசலில் தொலைபேசியோடு நின்றார். எல்லாம் சரியாக இருந்தது, பிள்ளையின் உடுப்பைத் தவிர. அன்று பின்னேரம் நிலையத்தில் நத்தார்க் கொண்டாட்டம், படம் எடுப்பார்கள். தாய் அவளுக்கு நாலு அடுக்கு வலைத்துணிப் பாவாடை வைத்த வெள்ளைச் சட்டை போட்டு அனுப்பியிருந்தார். அது ஸ்னோசூட்டுக்குள் இறங்க மறுத்தது. ஒரு பக்கம் அமத்தினால் மறுபக்கம் பூரித்து எழும்பியது.

ஒன்பது நாற்பத்தெட்டுக்கு எட்டுப் பேர் முற்றத்தில். ஒன்பது ஐம்பத்தைந்துக்கு ஐந்து பேர் வாசலில் ஆயத்தம். அவள் மட்டும் வெள்ளை வலைக்குள் மூழ்கி நிலத்தில். சிப்பை இழுத்தாள், வலை கடிபட்டது. கீழே இறக்கினாள். மறுபடியும் இழுத்தாள். கடிபட்டது. முற்றத்திலிருந்து என்னோடு வேலை செய்யும் பெண் ஜன்னல் கண்ணாடியில் முகத்தை வைத்து, மிச்ச நிமிடங்களை எனக்கு விரல்களால் காட்டினார். நாலு. மூன்று.

அந்த வலையை ஒரு கையால் உள்ளே தள்ளிச் சிப்பை மேலே இழுக்க எனக்கு இரண்டு விநாடி போதும். பொறுப்பாளர் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார், கவனித்திருக்கவும் மாட்டார். கவனித்தாலும் என்ன, ஒரு வலைத்துணிக்காகவா நாலு கிழமை உழைப்பு போவது? பயிற்சியாளரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. முழங்காலில் முழங்கையை ஊன்றி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவளைப் பார்த்தேன். அவள் முகத்தில் அழுகை இல்லை, உதவி கேட்கும் பார்வையும் இல்லை. வேலையில் இருக்கும் ஒருவரின் முகம். இந்த முகத்துக்குள் கையை விடுவதா?

முதுகுக்குப் பின்னால் ஒரு கையால் மறு கையைப் பிடித்துக்கொண்டேன். ஜன்னலில் ஒரு விரல். பிறகு விரல் இல்லை. பத்து மணி.

அவள் ஸ்னோசூட்டை முழுவதும் கழற்றினாள். பாவாடையின் முதல் அடுக்கைச் சுருட்டி ஒரு காலுக்குள் திணித்தாள். இரண்டாவது அடுக்கை மறு காலுக்குள் திணித்தாள். மிச்சம் இரண்டையும் வயிற்றோடு சேர்த்து இடது கையால் அமத்தி, வலது கையால் சிப்பைப் பாதிவரை இழுத்தாள். கைகளை விட்டாள், துணியைக் கடித்தாள், விரல்கள் வந்தன. வாசலில் வியர்த்துக்கொண்டு காத்திருந்த தோழி ஓடிவந்து கழுத்துவரை இழுத்துவிட்டாள். மற்ற நாலு பேரும் பின்னால் வர, இருவரும் எங்களில் ஒருவரையும் திரும்பிப் பாராமல் வெளியே போனார்கள்.

“பத்து மூணு” என்றார் பொறுப்பாளர். “முப்பத்தி மூணு நிமிஷம் சார்.”

“ஓம்” என்றேன்.

அவர் ஜன்னலடிக்குப் போய் முற்றத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பதினான்கு பேரையும் எண்ணினாரோ, அந்த ஒருத்தியை மட்டும் பார்த்தாரோ தெரியாது. இரண்டு காலும் வலைத்துணியால் வீங்கியிருக்க, அவள் யானைக்குட்டி மாதிரி நடந்துகொண்டிருந்தாள்.

“ஜனவரில ஒன்பது இருபதுக்கு ஆரம்பிச்சுடுங்க” என்றார். “ஆனா அந்தம்மாகிட்ட நான் பேசமாட்டேன். அது உங்க பாடு.”

பயிற்சியாளர் கோட்டைப் போட்டுக்கொண்டு புறப்படும்போது பாராட்டாக ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஒக்டோபரில் புதிய வகுப்பு தொடங்குகிறது, வந்து எங்களோடு வட்டத்தில் இருப்பீர்களா என்று மட்டும் கேட்டார். சென்ற இலையுதிர்காலம் போய் இருந்தேன். பதினொரு புதிய ஆசிரியர்கள். ஒருவருக்கும் நான் ஒன்றும் விளக்கவில்லை, அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பரிசு, பட்டம் என்று பெரிதாக ஒன்றும் பெறாதவன் நான். அந்த வட்டத்தில் ஒரு கதிரை எனக்கென்று போடப்பட்டிருந்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது.

ஆனால் அந்த வெள்ளி அதோடு முடியவில்லை. பின்னேரம் ஐந்து பத்துக்குத் தாய் வந்தார். கொண்டாட்டம் முடிந்து, கேக் பூசிய முகங்களோடு பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் அவசரமாகக் கொளுக்கியிலிருந்து ஸ்னோசூட்டை எடுத்து, முழங்காலில் நின்று, மகளின் காலைப் பிடித்தார்.

மகள் காலை இழுத்துக்கொண்டாள். ஸ்னோசூட்டைத் தாயின் கையிலிருந்து வாங்கினாள். நிலத்தில் விரித்தாள். அதன்மேல் இருந்து பாவாடையின் முதல் அடுக்கைச் சுருட்டத் தொடங்கினாள்.

“என்ன அங்கிள் இது?” தாயின் குரல் இறங்கியிருந்தது.

“காலமையும் தானாத்தான் போட்டவ.”

“எல்லாத்தையுமோ? சிப்பும்?”

“பாருங்கோவன்.”

இரண்டாவது அடுக்கு வழுகி வெளியே வந்தது. தாயின் கை தானாக நீண்டது. பாதி வழியில் நின்றது. அவர் அந்தக் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

“ஐஞ்சு முப்பத்திரண்டுக்கு பஸ் அங்கிள்.”

“தெரியும்.”

“இதை விட்டா அரை மணித்தியாலம் நிக்கவேணும்.”

மகள் நிமிர்ந்து பார்க்கவில்லை. வயிற்றில் வலையை அமத்திப் பிடித்துக்கொண்டு சிப்பின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தாள். தாய் தன் கழுத்துத் துணியை அவிழ்த்தார். கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் இருக்கும் தாழ்ந்த வாங்குப் பலகையில் மகளுக்கு முன்னால் இருந்துகொண்டார்.